விஞ்ஞானிக்குச் சட்டசபையில் என்ன வேலை?

“படித்தவர்கள் படிப்போடு இருக்கட்டும், ராஜ்ய விவகாரங்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்னும் பேச்சு நம் நாட்டில் புதிதன்று. அந்நிய ஆட்சி நடந்த நாளில் துரைமார்கள் இதைச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பையன் பொதுக்கூட்டத்துக்குப் போனால் தவறு என்றார்கள். உபாத்தியாயர் பத்திரிகைக்கு எழுதினால் குற்றம் என்றார்கள். துரைமார்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற வாக்கியம் மட்டும் போகவில்லை. இன்று அதை நம்மவர்களே நம்மவர்களைப் பார்த்துச் சொல்லுகிறார்கள். அதிலும் விஞ்ஞானியைப் பற்றிப் பேச்சு வந்தால், பரிவோடு சொல்லுவதுபோலச் சொல்லுகிறார்கள். “ஆராய்ச்சி சாலையில் இருக்க வேண்டிய மனிதர் வோட்டுக் கேட்டு வீதிவீதியாக அலையலாமா? அவருடைய யோசனை தேவையானால் ஒரு கமிட்டி போட்டுக் கேட்டுக்கொள்ளலாமே!” என்கிறார்கள்.

கேட்பதற்கு இது நியாயம் போலவே தோன்றுகிறது. ஆனால் இது நியாயமா என்று விசாரிப்பது நம் கடமை. விசாரணைக்கு வெறும் வாதம் போதாது. ஒரு சாட்சியமும் வேண்டும். அந்தச் சாட்சியமாக, வங்காளத்தில் பிறந்து, உலகமெங்கும் பெயர் பெற்று, சுதந்திர இந்தியாவின் முதல் லோக சபையில் நான்கு வருஷ காலம் அமர்ந்திருந்த டாக்டர் மேகநாத ஸாஹாவின் வாழ்க்கையை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

ஸாஹா 1893-ஆம் வருஷம் டாக்காவுக்கு அருகில் ஸியோராதலி என்னும் கிராமத்தில், சிறு மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பெரிய குடும்பம், சிறிய கடை. மேலே படிக்க வேறோர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு வைத்தியர் தம் வீட்டில் இடமளித்ததனால்தான் பையனின் படிப்பு நின்றுபோகாமல் நடந்தது. பிறகு டாக்கா நகரத்துப் பள்ளிக்கூடத்தில் உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தார். அது 1905-ஆம் வருஷத்து வங்கப் பிரிவினைக் கிளர்ச்சி மூண்டிருந்த காலம். கவர்னர் புல்லர் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தபோது நடந்த பகிஷ்காரத்தில் இந்தப் பையனும் சேர்ந்தான். உபகாரச் சம்பளம் போயிற்று, பள்ளிக்கூடத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தேச பக்தியின் முதல் பாடத்தைத் துரைத்தனமே இவ்வாறு இலவசமாகக் கற்றுக் கொடுத்தது.

கல்கத்தாவில் கல்லூரிப் படிப்பின்போது இன்னொரு பாடமும் அவருக்குக் கிடைத்தது. கீழ்ச்சாதி என்று எண்ணப்பட்ட குலத்தில் பிறந்தவராதலால், விடுதியில் உயர்குலத்து மாணவர்கள் சிலர் அவரோடு சமமாக உட்கார்ந்து உண்ண மறுத்தார்கள். பின்னர் சர்க்கார் நிதி இலாகாப் பரீட்சைக்கு உட்கார அவர் விரும்பியபோது, புரட்சிக்காரர்களோடு பழக்கமுள்ளவர் என்ற சந்தேகத்தின் பேரில் அநுமதி மறுக்கப்பட்டது. தேசத்துக்கு இதனால் நஷ்டமில்லை. ஒரு கணக்கு உத்தியோகஸ்தர் குறைந்தார். ஒரு மகா விஞ்ஞானி கிடைத்தார்.

1920-ஆம் வருஷம், அவருக்கு இருபத்தேழு வயது நிரம்பிய சமயத்தில், நட்சத்திரங்களின் உஷ்ணத்தைப் பற்றிய அவருடைய கட்டுரை லண்டன் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. மிகுந்த உஷ்ணத்தில் அணுக்கள் தம்மிடமுள்ள எலெக்ட்ரான்களை இழக்கின்றன. எந்த உஷ்ணத்தில், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் அவ்வாறு இழக்கும் என்பதைக் கணக்கிட ஒரு சமன்பாட்டை அவர் வகுத்தார். அதன் பயன் என்ன? நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அதில் காணும் கோடுகளிலிருந்து அந்த நட்சத்திரத்தின் உஷ்ணத்தை நாம் படித்துவிடலாம். அன்று முதல் இன்று வரை உலகத்து வான சாஸ்திரிகள் ‘ஸாஹா சமன்பாடு’ என்று அதைச் சொல்லி வருகிறார்கள். 1927-இல் லண்டன் ராயல் ஸொஸைட்டி அவரைத் தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது.

இப்படிப்பட்ட மனிதர் அலகாபாத்திலோ கல்கத்தாவிலோ தம் ஆசிரியர் பதவியில் இருந்துகொண்டு, வருகிற பட்டங்களையும் மாலைகளையும் ஏற்றுக்கொண்டு, நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் ஏன் இறங்கி வந்தார்? 1930-ஆம் வருஷம் வரையில் தாமும் தந்தக் கோபுரத்தில் வாழ்ந்தவரே என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் இக்காலத்தில் சட்டமும் ஒழுங்கும் ஆட்சிக்கு எவ்வளவு அவசியமோ, விஞ்ஞானமும் அவ்வளவு அவசியமாகிவிட்டது. தேசத்துக்குத் தம்மால் இயன்ற சிறு தொண்டு செய்ய வேண்டுமென்று எண்ணியே சிறுகச் சிறுக அரசியலுக்கு வந்து சேர்ந்ததாக அவர் சொன்னார்.

அவரை முதலில் இழுத்தது எந்தக் கட்சியும் அன்று, தண்ணீர். கிழக்கு வங்காளத்துப் பிள்ளைக்கு வெள்ளம் புத்தகத்தில் படிக்கும் விஷயமல்ல. 1922-இல் வட வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராயின் நிவாரணப் படையில் அவர் வேலை செய்தார். வெள்ளம் வடிந்த பிறகு மற்றவர்கள் அதை மறந்தார்கள், ஸாஹா மறக்கவில்லை. நதிக்கு எவ்வளவு நீர் வருகிறது, எங்கே தேங்குகிறது, ரெயில்வே கரைகள் அதை எங்கே மறிக்கின்றன என்று எழுதலானார். 1935-இல் ‘விஞ்ஞானமும் கலாசாரமும்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சஞ்சிகையைத் தொடங்கி, வருஷா வருஷம் இதையே வற்புறுத்தினார். 1943-இல் தாமோதர் நதி கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்து, ரெயில் பாதையையும் பெருஞ்சாலையையும் அறுத்துக் கல்கத்தாவைத் தனிமைப்படுத்தியது. யுத்தத்தின் நடுவில் நகரம் துண்டிக்கப்பட்ட பிறகுதான் சர்க்காருக்குக் காது கேட்டது. விசாரணைக் கமிட்டியில் ஸாஹா ஓர் அங்கத்தினர். அமெரிக்காவில் டென்னஸி நதிக்குச் செய்ததுபோல, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் ஒரே ஸ்தாபனத்தின்கீழ் கொணர வேண்டும் என்ற யோசனையை ஓயாது வற்புறுத்தியவர்களில் அவர் முதன்மையானவர். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் சட்டப்படி உருவாயிற்று.

இதற்கு முன்னமே, 1938-இல், காங்கிரஸ் அக்கிராசனராயிருந்த சுபாஷ் சந்திர போஸிடம், சுதந்திர இந்தியா எந்த வழியில் தன் தரித்திரத்தைப் போக்கிக்கொள்ளப் போகிறது என்று பகிரங்கமாகக் கேட்டவர் ஸாஹா. அவ்வருஷமே தேசியத் திட்டக் கமிட்டி அமைந்தது, ஜவாஹர்லால் நேரு அதன் தலைவர், ஸாஹா அங்கத்தினர். ஆகவே திட்டம் என்ற சொல் ஆட்சியாளர் வாயில் நுழைவதற்கு முன்னரே அதை உச்சரித்தவர்களில் அவர் ஒருவர் என்பதில் ஐயமில்லை.

நிற்க. சுதந்திரம் வந்தபின் அவர் கண்டதென்ன? திட்டங்கள் வந்தன, ஆனால் கதவுகள் மூடிக்கொண்டன. 1948-இல் அணுசக்திக் கமிஷன் அமைந்தது. ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர், நம் தமிழ்நாட்டவரான கே. எஸ். கிருஷ்ணன் ஆகிய மூவரும் அதில் இருந்தார்கள். மூவரும் மேதைகளே. ஆனால் அந்தச் சட்டம் அணுசக்தி வேலைகளை ரகசியத்தில் பொதிந்து வைத்தது. முதலில் சர்வகலாசாலைகளில் ஆட்களைப் பயிற்ற வேண்டும், ரகசியம் ஆராய்ச்சிக்கு விஷம் என்பது ஸாஹாவின் கட்சி. உள்ளே இருப்பவர்கள் அதற்குச் செவி சாய்க்கவில்லை. அப்பொழுது அவர் செய்தது என்ன? சலிப்படைந்து தந்தக் கோபுரத்துக்குத் திரும்பினாரா? இல்லை. ஜனங்களிடம் போனார்.

1951-52 பொதுத் தேர்தலில் வடமேற்குக் கல்கத்தா தொகுதியில் சுயேச்சை அபேட்சகராக, இடதுசாரிகளின் ஆதரவோடு நின்றார். தேர்தல் செலவுக்குப் பணம்? தாம் எழுதிய உஷ்ண சாஸ்திரப் பாடப்புத்தகத்தின் பிரசுரகர்த்தருக்குக் கடிதம் எழுதி, ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டார். இன்றைய அபேட்சகர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். காண்டிராக்டரிடம் கேட்கவில்லை, கட்சிக் கஜானாவிடம் கேட்கவில்லை, தம் பேனா சம்பாதிக்கப் போகும் பணத்தைத் தாமே கடனாக வாங்கிக்கொண்டார். ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே வருஷத்தில், அவருடைய கல்லூரித் தோழரும், ஐன்ஸ்டைனின் கட்டுரைகளை அவரோடு சேர்ந்து மொழிபெயர்த்தவருமான ஸத்யேந்திரநாத போஸ் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் நியமனம் பெற்று மேல்சபைக்கு வந்தார். மற்றொருவர் வோட்டுப் பெற்றுக் கீழ்சபைக்கு வந்தார். நியமனத்தை நாம் இகழவில்லை. அரசியல் சாசனமே அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆயினும் இரண்டுக்கும் உள்ள பேதத்தை மறக்கக் கூடாது. வோட்டுப் பெற்று வந்தவர் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, தம்மை அனுப்பிய ஜனங்களைத் தவிர.

லோக சபையில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். 1954-ஆம் வருஷம் மே மாதம் 10-ஆம் தேதி, அணுசக்தியைச் சமாதான காரியங்களுக்கு உபயோகிப்பதைப் பற்றிய விவாதத்தை எழுப்பினார். ரகசியத் திரையை நீக்குங்கள், சர்வகலாசாலைகளுக்கு வழி திறவுங்கள் என்று, பிரதம மந்திரி எதிரே அமர்ந்திருக்கையிலேயே வாதாடினார். அந்த விஷயத்தில் மந்திரிக்குப் பதில் எழுதிக் கொடுப்பவர்களுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ அறிந்த ஒருவர் அன்று கேள்வி கேட்கும் பெஞ்சில் இருந்தார். அதுதான் முக்கியம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குவிந்த அகதிகளின் புனர்வாழ்வுக்காகவும், ஐந்தாண்டுத் திட்டத்தில் கனரகத் தொழில்களுக்கு இடம் போதவில்லை என்றும், நதித் திட்டங்களைப் பற்றியும் அவர் விடாது பேசினார்.

“இவற்றையெல்லாம் ஒரு கமிட்டியில் சொல்லியிருக்கலாமே” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோர்ட்டுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நிபுணர் என்பவர் கோர்ட்டில் ஒரு சாட்சி. கூண்டில் ஏறி நிற்பார். கேட்டதற்குப் பதில் சொல்லுவார். கேளாததைச் சொல்ல முயன்றால் உட்காரச் சொல்லுவார்கள். எந்தக் கேள்வியைக் கேட்பது, எதைக் கேளாமல் விடுவது என்ற அதிகாரம் அவரிடம் இல்லை. அவரை அழைத்த கட்சிக்காரரின் வக்கீலிடம் இருக்கிறது. கமிட்டிக்கு அழைக்கப்படும் விஞ்ஞானியின் நிலைமையும் இதுதான். ‘அணையை எங்கே கட்டலாம்?’ என்று அவரைக் கேட்பார்கள், ‘கட்டத்தான் வேண்டுமா? கட்டினால் மூழ்கும் ஊர்க்காரர் கதி என்ன?’ என்று கேட்க மாட்டார்கள். அவருடைய அறிக்கை பீரோவில் தூங்கினால் எழுப்ப அவருக்குப் பாத்தியதை இல்லை. சட்டசபை அங்கத்தினரோ சாட்சியல்ல. குறுக்கு விசாரணை செய்பவர். மந்திரியை எழுந்து நின்று பதில் சொல்லச் செய்யும் உரிமை அவருக்குண்டு. அந்தப் பதில் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும், பத்திரிகையில் வரும், ஜனங்கள் படிப்பார்கள். அறையில் காதோடு சொல்லப்படும் யோசனைக்கும் சபையில் வாய்விட்டுக் கேட்கப்படும் கேள்விக்கும் உள்ள தூரம், தயவுக்கும் உரிமைக்கும் உள்ள தூரமாகும்.

அவருடைய வேலைகளில் ஒன்று தமிழ் மக்களின் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. 1952-இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் கமிட்டிக்கு அவர் தலைவரானார். அன்று நாடெங்கும் ஏறக்குறைய முப்பது விதமான பஞ்சாங்கக் கணக்குகள் வழங்கின. பழைய சித்தாந்த நூல்களின் வருஷம், பருவங்களை ஒட்டிய வருஷத்தைவிட ஏறக்குறைய இருபத்துநான்கு நிமிஷம் நீளமானது. அற்ப விஷயம் என்று தோன்றும். ஆனால் அறுபது வருஷத்தில் அது ஒரு நாள். பதினான்கு நூற்றாண்டுகளில் இருபத்துமூன்று நாள். பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதத்து நாளை விட்டு நம் சித்திரை முதல் தேதி ஏப்ரல் 14-க்கு நகர்ந்துவிட்ட காரணம் இதுதான். கமிட்டி 1955-இல் அறிக்கை கொடுத்தது. சக வருஷத்தை ஒட்டிய தேசியப் பஞ்சாங்கம் 1957 மார்ச் 22 முதல் அமுலுக்கு வந்தது. சர்க்கார் கெஜட்டில் இன்றும் அந்தத் தேதி அச்சாகிறது. வீடுகளிலோ வாக்கியமும் திருக்கணிதமும் வழக்கம்போல நடக்கின்றன. ஜனங்களின் வழக்கத்தை ஓர் உத்தரவினால் மாற்ற முடியாது என்று இதிலிருந்து தெரிகிறது. சரியான கணக்கைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை ஜனங்கள் மனத்தில் ஏற்றுவது மற்றப் பாதி. அந்த இரண்டாவது பாதி ஆராய்ச்சி சாலையில் நடைபெறக் கூடியதன்று.

ஸாஹாவிடம் குற்றமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. கதரையும் கைராட்டையையும் அவர் பழங்காலத்துக்குத் திரும்பும் முயற்சி என்று கருதினார். இதில் அவரோடு நாம் உடன்படவில்லை. கிராமத்து ஏழையின் கைக்கு வேலை கொடுத்த ஒரு சக்தியை அவர் யந்திரத்தின் அளவுகோலால் மட்டும் அளந்தார். பெரிய அணைகளிடம் அவர் வைத்த நம்பிக்கையும் அளவுக்கு மிஞ்சியது என்றே இன்று சொல்ல வேண்டும். தாமோதரில் ஆதியில் யோசித்த அணைகளில் முதற்கட்டத்தில் நான்கே எழுந்தன. வெள்ள பயம் முற்றும் ஒழியவில்லை. நிலம் இழந்தவர்களின் குறை தீர நெடுங்காலமாயிற்று. விஞ்ஞானியும் தவறக் கூடியவரே. அதனால்தான் அவர் மூடிய அறையில் இருப்பதைவிடச் சபையில் இருப்பது நல்லது என்கிறோம். சபையில் அவர் தவறு செய்தால், குடியானவர்களின் பிரதிநிதி ஒருவர் எழுந்து மறுக்கலாம். மூடிய அறையில் தவறு செய்தால் மறுக்க யார் இருக்கிறார்கள்?

இன்னொரு ஆக்ஷேபமும் உண்டு. அரசியலினால் அவருடைய விஞ்ஞானம் குன்றிற்று என்பார்கள். ஆனால் அவர் ஆராய்ச்சிக்கு ஸ்தாபனங்களே எழுப்பினார். கல்கத்தாவில் அவர் நிறுவிய அணுப் பௌதிக ஆராய்ச்சி நிலையம் 1950-இல் திறக்கப்பட்டு, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் மந்திரியாகவில்லை, கமிஷன் தலைவராகவில்லை, அவர் கேட்டவற்றில் பல அவர் காலத்தில் கிடைக்கவுமில்லை. ஆனால் ஒரு கேள்வி பலித்ததா என்பதை அன்றைய வோட்டெடுப்பினால் மட்டும் அளக்கலாகாது. அணுசக்தியின் ரகசியத்தைப் பற்றி 1954-இல் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் பார்லிமெண்டில் வேறு வேறு குரல்களில் எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

டில்லியில் நடந்த காரியம் டில்லியோடு போகட்டும் என்று எண்ணலாகாது. குடிநீரும் பாசனமும், பொது சுகாதாரமும், விவசாயமும் அரசியல் சாசனப்படி மாகாணங்களின் பொறுப்பு. ஆகவே விஞ்ஞானி அதிகம் தேவைப்படும் இடம் மாகாணச் சட்டசபையே. சாசனம் மேல்சபைகளில் பட்டதாரிகளுக்கும் உபாத்தியாயர்களுக்கும் தொகுதிகள் வைத்து, விஞ்ஞானம் அறிந்தவர்களை நியமிக்கவும் இடம் கொடுத்தது. இன்று ஆறு மாகாணங்களில் மட்டுமே மேல்சபை இருக்கிறது. ஸாஹாவின் வங்காளத்தில் 1969-இலும், நம் தமிழ்நாட்டில் 1986-இலும் அது கலைக்கப்பட்டது. அதைத் திரும்பக் கொணர வேண்டுமா என்பது தனி வழக்கு. இங்கே அதைத் தீர்க்கப் புகவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் கதவு அடைபட்ட பிறகு, அறிஞருக்கு மிஞ்சியிருப்பது வாசற்கதவு ஒன்றே. அது ஜனங்களின் வோட்டு. அந்த வாசலில் காவல் நிற்பவர்கள் கட்சித் தலைவர்கள். சாதி எத்தனை, சொத்து எத்தனை, தலையாட்டுவாரா என்று பார்த்துச் சீட்டுக் கொடுக்கும் வழக்கம் உள்ளவரை, இந்த நாளில் ஒரு ஸாஹா வந்தாலும் வாசற்படியிலேயே நிற்க வேண்டியதுதான்.

எனவே மூன்று தரத்தாருக்கு மூன்று வார்த்தை சொல்லி முடிக்கிறோம். கட்சித் தலைவர்களே, உங்கள் பட்டியலில் உங்களை மறுத்துப் பேசக்கூடிய ஒருவருக்காவது இடம் வையுங்கள். அவர் உங்களுக்குத் தொந்தரவு தருவார், தேசத்துக்கு நன்மை தருவார். விஞ்ஞானிகளே, அழைப்புக்குக் காத்திராதீர்கள். ஸாஹாவை யாரும் வருந்தி அழைக்கவில்லை. தொண்டர்களே, உங்கள் தொகுதியில் நதியையும் நோயையும் மண்ணையும் அறிந்த ஒருவர் கைக்காசில்லாமல் வந்து நின்றால், டெபாஸிட் கட்ட நாலணா எட்டணா சேர்த்துக் கொடுங்கள்.

1956-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ஆம் தேதி, புது டில்லியில் திட்டக் கமிஷன் காரியாலயத்துக்குப் போகும் வழியில், மாரடைப்பினால் மேகநாத ஸாஹா வீழ்ந்து உயிர் நீத்தார். வயது அறுபத்திரண்டு. நட்சத்திரங்களின் உஷ்ணத்தை அளந்தவருக்கு, பூமியில் ஒரு காரியாலயத்தின் கதவைத் தட்டப் போவது இழிவாகத் தோன்றவில்லை. அவருக்கு இழிவாகத் தோன்றாதது நம் அறிஞர்களுக்கு மட்டும் இழிவாகத் தோன்றலாமா என்று கேட்கிறோம்.